மதுரைப் பக்கம் யாரை எப்படிக் கூப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாறி மதுரைக்குக் குடிவந்தவர்கள், வெளியூரிலிருந்து மருமகளாக வந்தவர்கள், சென்னையிலோ பெங்களூரிலோ வளர்ந்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்சில் வரும் சொற்களைப் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறோம். மதுரை நகரமும் திருமங்கலம், மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி வட்டாரமும்தான் இதன் எல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் கொஞ்சம் மாறும்.

பக்கத்து வீட்டுக்காரங்கள பேர் சொல்லிக் கூப்பிடலாமா? இல்லன்னா என்ன சொல்றது?

உங்களைவிடச் சின்னவர் என்றாலோ, ஒரே வயதில் நன்றாகப் பழகியவர் என்றாலோ பேர் சொல்லலாம். மற்ற எல்லோருக்கும் முறைப்பெயர்தான். பத்துப் பன்னிரண்டு வயது வரை மூத்தவர் என்றால் அண்ணே, அக்கா. உங்கள் பெற்றோரின் வயதை ஒட்டியவர், ஆனால் அவர்களைவிடச் சின்னவர் என்று தெரிந்தால் சித்தப்பா, சித்தி. அவர்களைவிட மூத்தவர் என்றால் பெரியப்பா, பெரியம்மா. அதற்கும் மேலே தாத்தா, பாட்டி. சின்னவர்களுக்குத் தம்பி, தங்கச்சி, பாப்பா.

வயது பிடிபடவில்லை என்றால் பெண்களிடம் ஒரு படி குறைத்துச் சொல்லுங்கள், ஆண்களிடம் ஒரு படி கூட்டிச் சொல்லுங்கள். நாற்பது வயதுப் பெண்ணை ‘அம்மா’ என்றால் முகம் சுருங்கும், ‘அக்கா’ என்றால் ஒன்றும் ஆகாது. அதே வயது ஆணைத் ‘தம்பி’ என்றால்தான் சங்கடம்.

அண்ணாவா, அண்ணேயா?

மதுரையில் அண்ணே. ‘அண்ணா’ என்றால் தப்பில்லை, ஆனால் வெளியூர் என்று தெரிந்துவிடும். பேருக்குப் பின்னால் சேர்க்கும்போது சுருங்கும்: குமாரண்ணே, கண்டக்டர்ண்ணே. தூரத்திலிருந்து கூப்பிடும்போது முன்னால் ஒரு ‘ய’ ஒட்டிக்கொள்ளும்: யண்ணே, யக்கா, யம்மா. மாடியிலிருந்து கீழே பூக்காரரை நிறுத்த வேண்டுமானால் ‘யக்கோவ்!’ என்று இழுத்தால்தான் கேட்கும்.

‘மேல வீட்டு அத்தை’ன்னு சொன்னாங்க. மாடிக்குப் போய்ப் பாத்தா அங்க வேற யாரோ இருக்காங்க!

இங்கே மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேல வீடு மேற்குப் பக்கத்து வீடு, கீழ வீடு கிழக்குப் பக்கத்து வீடு. மீனாட்சி கோவிலைச் சுற்றியுள்ள தெருப் பெயர்களைப் பார்த்தாலே விளங்கும். சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று உள்ளிருந்து வெளியே விரியும் ஒவ்வொரு வீதிச் சுற்றிலும் மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம் உண்டு. ரயில்வே ஜங்ஷன் இருப்பது மேல வெளி வீதியில், அதாவது ஊரின் மேற்கில்.

மாடியில் இருப்பவரைச் சொல்ல ‘மாடி வீட்டு அக்கா’ என்பார்கள். எதிரில் இருந்தால் ‘எதுத்த வீடு’. ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனம் இருந்தால் ‘காம்பவுண்டு வீடு’. கிராமத்திலும் பழைய தெருக்களிலும் அதையே ‘வளவு’ என்பதும் உண்டு. புதிதாக வந்தவர்கள் தெருவில் எது கிழக்கு என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, சிலிண்டர் போடுகிறவர்கூட அந்தக் கணக்கில்தான் வழி கேட்பார்.

‘வீட்டுக்காரர்’னா ஓனரா, புருஷனா?

இரண்டும்தான். ‘எங்க வீட்டுக்காரர்’ என்று ஒரு பெண் சொன்னால் பெரும்பாலும் கணவர். வாடகை, தண்ணி மோட்டார், அட்வான்ஸ் என்று பேச்சு ஓடும்போது ‘வீட்டுக்காரர்’ என்றால் சொந்தக்காரர். குழப்பம் வேண்டாம் என்றால் ‘ஹவுஸ் ஓனர்’ என்றே சொல்லிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஓனரின் மனைவி ‘ஓனரம்மா’. வாடகைக்கோ ஒத்திக்கோ இருப்பவர் ‘குடியிருக்கிறவர்’. மனைவியைக் குறிப்பிட ஆண்கள் ‘வீட்ல’ என்பார்கள். ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்றால் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பொருள்.

‘வந்தாக’, ‘சொன்னாக’ன்னு பேசுறாங்களே, அது கேலியா?

கேலி இல்லை, மரியாதை. அவர்கள், வந்தார்கள் என்பது இந்த வட்டாரத்தில் அவுக, வந்தாக என்று ஆகும். ஒரே ஒரு ஆளுக்கும் இதுதான். கிராமத்தில் பெண்கள் கணவரைப் பற்றிப் பேசும்போது பேரைச் சொல்லாமல் ‘அவுக வந்ததும் சொல்றேன்’ என்பார்கள். நகரத்தில் ‘அவங்க, வந்தாங்க’ அதிகம். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி. முயன்று ‘வந்தாக’ போட்டுப் பேச வேண்டாம், அது ஒட்டாமல் தெரியும்.

நேரில் பேசும்போது ‘வாங்க’ எல்லோருக்கும் பொருந்தும். வா, வாப்பா, வாம்மா, வாய்யா, வாத்தா எல்லாம் நெருக்கத்தில் வருபவை. ‘வாய்யா’வைப் பேரனுக்கும் சொல்வார்கள், கூட வேலை பார்ப்பவருக்கும் சொல்வார்கள். ‘வாத்தா’ பெரும்பாலும் பெரியவர்கள் மகள், பேத்தி வயதுப் பெண்ணிடம் பாசமாகச் சொல்வது. ‘அண்ணே, நீ எப்ப வந்த?’ என்று அண்ணே போட்டுவிட்டு நீ போடுவதையும் கேட்பீர்கள். கூடவே வளர்ந்தவர்களுக்கு மட்டும் உள்ள சலுகை அது. புதியவர்கள் ‘நீங்க’வில் நிற்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பொண்ண அக்கான்னு கூப்பிடுறேன். அவங்க புருஷன மாமான்னு கூப்பிட்டா ஏன் சிரிக்கிறாங்க?

உறவுக் கணக்குப்படி நீங்கள் சொன்னது சரி. அக்கா கணவர் மாமாதான், சில வீடுகளில் அத்தான், சில வீடுகளில் மச்சான். ஆனால் இவை மூன்றும் கட்டிக்கொள்கிற முறையில் வரும் சொற்கள். சொந்தத்தில் சொன்னால் உறவு, சொந்தமில்லாத இடத்தில் ஒரு பெண் சொன்னால் கிண்டலுக்கு இடம். அதனால் தெருவில் கணக்கை உடைத்துவிடுவார்கள்: மனைவி அக்கா, கணவர் அண்ணே. இருவரையும் உடன்பிறந்தவர் ஆக்கினால் அவர்கள் எப்படித் தம்பதி என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்தின் மற்றக் கேள்விகள் பாதிக்கும் இதுதான் சாவி. ஒருவரை ஒரு முறையில் கூப்பிட்டால் அவரோடு மட்டும் உறவு நிற்பதில்லை. அவர் மனைவி, பிள்ளை, அண்ணன், தம்பி எல்லோருக்கும் உங்களோடு ஒரு முறை விழுந்துவிடும். எனவே ஆளை மட்டும் பார்க்காமல், அவர் வழியாக யார் யார் என்ன முறை ஆகிறார்கள் என்றும் பார்த்து வாயைத் திறக்க வேண்டும்.

எதுத்த வீட்டம்மாவ அத்தைன்னு கூப்பிட்டதுக்கு எங்கம்மா திட்டுறாங்க. என்ன தப்பு?

மேலே சொன்ன அதே கணக்கு. நீங்கள் பெண், அவருக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறான் என்றால், ‘அத்தை’ என்றதுமே அந்த மகன் உங்களுக்கு முறைப்பையன். அந்த அம்மா ‘என்ன மருமகளே’ என்று பதில் சொல்ல ஆரம்பித்தால் தெரு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். பெரியம்மா, சித்தி என்றால் அந்தப் பையன் அண்ணனோ தம்பியோ ஆகிவிடுவான், பேச்சு அங்கேயே முடிந்தது. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடுகளில் ‘பெரியம்மான்னு சொல்லு’ என்று திருத்துவது இதனால்தான்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். நண்பனின் அம்மாவை அம்மா என்பது பாதுகாப்பு. அத்தை என்றால் நண்பனின் தங்கை உங்களுக்கு முறைப்பெண் ஆகிவிடுவாள்.

கல்யாணம் ஆகி வந்திருக்கேன். இவரு தெருவுல எல்லாரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுறாரு. நான் என்ன சொல்லிக் கூப்பிடுறது?

அவர் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், அப்படியே திருப்பிச் சொன்னால் தப்பாகிவிடும். உறவுக்காரர்களுக்கு மாற்றும் விதம் இப்படி. அவருக்குப் பெரியப்பா, சித்தப்பா என்றால் உங்களுக்கு மாமா. அவருக்குப் பெரியம்மா, சித்தி என்றால் உங்களுக்கு அத்தை. அவருக்கு மாமா (அம்மாவின் உடன்பிறந்தவர்) என்றால் உங்களுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா. அவருக்கு அத்தை என்றால் உங்களுக்குப் பெரியம்மா அல்லது சின்னம்மா.

உங்கள் தலைமுறையிலும் இதே திருப்பம்தான். அவருடைய அண்ணன் உங்களுக்கு மாமா அல்லது மச்சான், அது அந்த வீட்டு வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அண்ணனின் மனைவி உங்களுக்கு அக்கா. அவருடைய அக்கா உங்களுக்கு மதினி, சில வீடுகளில் அண்ணி. மதினியின் கணவர் உங்களுக்கு அண்ணன். அவருடைய தம்பி கொழுந்தன், ஆனால் முகத்துக்கு நேரே ‘கொழுந்தா’ என்பதில்லை, தம்பி என்றோ பேர் சொல்லியோ கூப்பிடலாம். அவருக்கு மச்சான் முறை என்றால் உங்களுக்கு அண்ணனோ தம்பியோ. பலரும் தடுக்கி விழுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

சொந்தமில்லாத தெருக்காரர்களுக்கு இவ்வளவு வேண்டாம். பெரியவர்களுக்கு இந்த மாற்றத்தைப் பின்பற்றுங்கள். கணவரின் நண்பர்கள் எல்லோரும், அவர் மாப்ள என்றாலும் பங்காளி என்றாலும், உங்களுக்கு அண்ணே.

அப்ப எங்க பையன் அவரோட ஃப்ரெண்ட என்னன்னு கூப்பிடணும்? மாமாவா, சித்தப்பாவா?

இரண்டு வழியிலும் வரும். கணவர் அவரை அண்ணே என்றால் பையனுக்குப் பெரியப்பா. நீங்கள் அண்ணே என்றால் பையனுக்கு மாமா. தாய்மாமன் என்ற உரிமை எடுத்துக்கொள்ளப் பிடிக்காத நண்பர் இல்லை என்பதாலோ என்னவோ, நடைமுறையில் ‘மாமா’தான் ஜெயிக்கிறது. ஒன்றே ஒன்று: அவர் மனைவிக்கும் அதே தடத்தில் பேர் வையுங்கள். மாமா என்றால் அத்தை, பெரியப்பா என்றால் பெரியம்மா. ‘மாமா, பெரியம்மா’ என்று கலந்துவிட்டால் குழந்தை வளர்ந்து கேள்வி கேட்கும்.

மாப்ள, மச்சான், பங்காளி... எல்லாம் ஒண்ணுதானா?

டீக்கடையில் ஒன்றுதான், வீட்டில் ஒன்றில்லை. பங்காளி என்பவர் அப்பா வழியில் சொத்திலும் குலதெய்வத்திலும் பங்கு உள்ளவர். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை. மாமன், மச்சான் வகைதான் கொடுக்கல் வாங்கல் உள்ள வகை. மச்சான் முறையில் மூத்தவரை மச்சான் என்றும் இளையவரை மாப்ள என்றும் கூப்பிடுவார்கள். ஒருவர் மாமா என்றால் மற்றவர் மாப்ள என்று பதில் சொல்வார்.

பையன்கள் இதையெல்லாம் கலைத்துப்போட்டு யாரையும் எதுவும் சொல்வார்கள். ஒரே எச்சரிக்கை: நண்பன் வீட்டு விசேஷத்தில், அவனுடைய பெரியவர்கள் முன்னால் ‘என்ன மாப்ள’ என்று தோளில் தட்டாதீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரர் ஒருவர் சபையில் உட்கார்ந்திருப்பார்.

கடைக்காரங்கள, வேலை பாக்குறவங்கள எப்படிக் கூப்பிடணும்?

அண்ணே, அக்கா இரண்டும் எல்லாக் கதவையும் திறக்கும். அதற்கு மேல் சில சிறப்பு வழக்கங்கள் உண்டு. டீ ஆற்றுகிறவரும் பரோட்டா போடுகிறவரும் மாஸ்டர். மளிகைக் கடைக்காரர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவர் என்றால் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்தில் பெண் ஆசிரியர் டீச்சர், ஓய்வு பெற்றபிறகும் தெருவுக்கு அவர் டீச்சர்தான். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், நர்ஸ் சிஸ்டர். மீனாட்சி கோவிலிலும் அழகர்கோவிலிலும் பூசை செய்பவர் பட்டர், ஊர்க் கோவிலில் இருப்பவர் பூசாரி. கிராம நிர்வாக அலுவலர் ‘விஏஓ சார்’. பழைய ஆட்கள் இன்னும் கர்ணம், மணியக்காரர் என்பார்கள். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை அரசு 1980-லேயே எடுத்துவிட்டது.

வீட்டு வேலைக்கு வருபவரை ‘வேலைக்காரி’ என்று சொல்லாதீர்கள். கூப்பிட அக்கா போதும், மற்றவர்களிடம் குறிப்பிட ‘வீட்டு வேலைக்கு வர்ற அக்கா’. குப்பை வண்டியில் வருபவர்கள் தூய்மைப் பணியாளர்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020-ல் தமிழக அரசு இப்படி மாற்றியது. ‘குப்பைக்காரர்’ என்றால் குப்பை போடுகிற நாம்தான்.

சாதிப் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்களே, நானும் அப்படியே சொல்லலாமா?

வேண்டாம். இரண்டு பெரியவர்கள் பழக்கத்தில் அப்படிச் சொல்லிக்கொள்வது அவர்களோடு போகட்டும். நீங்கள் சொன்னால், ‘நீ இன்னார் என்று எனக்குத் தெரியும்’ என்று அறிவிப்பதாகிவிடும். முடிவெட்டுபவர், துணி தேய்ப்பவர், பறை அடிப்பவர் ஆகியோருக்குத் தொழில்பேராக ஓடும் பல சொற்கள் சாதிப்பெயர்கள். அதற்குப் பதில் சலூன் அண்ணே, அயர்ன் கடை அண்ணே என்று சொல்லலாம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பேர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

முஸ்லிம் வீடுகள்ல ‘பாய்’னு சொன்னா தப்பா எடுத்துப்பாங்களா?

காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் பிரியாணிக் கடையிலும் பாய் என்பது அன்றாடச் சொல், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தினமும் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அண்ணே என்பதே நெருக்கம். பெண்களுக்கு அக்கா. ஒரு சின்னக் குறிப்பு: இந்த வீடுகளில் பலரும் அப்பாவை ‘அத்தா’ என்பார்கள். கிராமத்தில் அம்மாவைச் சொல்லும் ‘ஆத்தா’ வேறு. நெடிலைக் குறிலாக்கினால் ஆள் மாறிவிடும்.

‘அலங்காநல்லூர் அக்கா’, ‘செல்வி அம்மா’... இவங்களுக்குப் பேரே கிடையாதா?

இருக்கிறது, தெருவுக்குத் தெரிந்திருக்காது. கல்யாணமாகி வந்த பெண்ணைப் பிறந்த ஊரை வைத்துச் சொல்வது கிராமங்களில் வழக்கம்: மேலூர் மதினி, சோழவந்தான் அத்தை. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டால் பெரிய, சின்ன சேர்த்துக்கொள்வார்கள். குழந்தை பிறந்ததும் பிள்ளையின் பேர் முன்னால் வரும்: செல்வி அம்மா, செல்வி அப்பா. பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பேர்தான்.

முதன்முதலில் பேசும்போதே ‘உங்க பேரு என்னக்கா?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

பத்திரிகை வைக்கணும், மொய் எழுதணும். அவங்க பேர் தெரியலையே, என்ன எழுதுறது?

பத்திரிகை உறையில் ‘பக்கத்து வீட்டு அக்கா’ என்று எழுத முடியாது. வீட்டுப் பிள்ளைகளிடம் அப்பா பேரைக் கேட்பதுதான் சுலபம். தலைப்பெழுத்தோடு பேர், பின்னால் ‘குடும்பத்தார்’ என்று எழுதினால் போதும். கணவன் மனைவி இருவருமாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்து, ‘எல்லாரும் வந்துருங்க’ என்று வாயால் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் ‘கூப்பிடவே இல்ல’ என்ற கணக்கில் சேரும்.

மொய் எழுதுகிறவர் முதலில் கேட்பது ஊர். நகரத்தில் இருப்பவர்கள் செல்லூர், வில்லாபுரம், திருநகர் என்று ஏரியாவைச் சொல்ல வேண்டும். அடுத்து தலைப்பெழுத்தோடு பேர், பிறகு ஆளைப் பிரித்துக்காட்ட ஒரு சொல்: டெய்லர், மாவு மில், வாத்தியார். கடைசியில் தொகை, 101, 501, 1001 என்று ஒன்றில் முடியும்படி. நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் நோட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வார்கள். சொந்த ஊரை ஒரு தடவையும் குடியிருக்கும் ஏரியாவை ஒரு தடவையும் சொன்னால் இரண்டு ஆளாகப் பதிந்து கணக்கு குழம்பும். ஒன்றையே எப்போதும் சொல்லுங்கள்.

வயசானவங்கள தாத்தா, பாட்டின்னா போதுமா? அப்பத்தா, அம்மாச்சி எல்லாம் யாரு?

தாத்தா, பாட்டி போதும். அப்பத்தா அப்பாவைப் பெற்றவர், அம்மாச்சி அம்மாவைப் பெற்றவர். அப்பாவின் அப்பாவைச் சில வீடுகளில் ‘அய்யா’ என்பார்கள், உசிலம்பட்டி, தேனிப் பக்கம் தாத்தாவைச் ‘சீயான்’ என்பதும் உண்டு. கிராமத்தில் சொந்தமில்லாத மூதாட்டியையும் ‘அப்பத்தா’ என்று கூப்பிட்டால் மகிழ்ந்து போவார்கள். ‘பெருசு’, ‘கிழவி’ என்று சொந்தப் பேரன் கொஞ்சலாம், நீங்கள் சொல்லக்கூடாது.

கேத வீட்டுக்குப் போனா என்ன பேசணும்?

குறைவாகப் பேசுங்கள். ‘செத்துட்டாரா’ என்று கேட்பதில்லை, ‘தவறிட்டாகளாமே’ என்பார்கள். ‘எப்ப எடுக்குறாக?’ என்று நேரம் கேட்டுக்கொள்ளலாம், அது தப்பில்லை, தேவை. கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வரலாம். பக்கத்து வீடு என்றால் அங்கே வந்திருப்பவர்களுக்குத் தண்ணியும் காபியும் கொடுப்பது உங்கள் பொறுப்பு, யாரும் கேட்க மாட்டார்கள்.

அபார்ட்மென்ட்ல எல்லாரும் அங்கிள், ஆன்ட்டிதான். அது போதாதா?

குழந்தைகள் சொன்னால் போதும். முறை எதுவும் விழாது என்பதால், மேலே அத்தை பற்றிச் சொன்ன சிக்கலும் இதில் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர் முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ‘ஆன்ட்டி’ என்றால் மட்டும் அடுத்த நாள் முதல் லிஃப்டில் பேச்சு இருக்காது.

ஒருத்தர ஏற்கெனவே தப்பா கூப்பிட்டுப் பழகிட்டேன். மாத்த முடியுமா?

முடியும், விளக்கம் சொல்லாமல் செய்ய வேண்டும். ஒரு வாரம் எந்த முறைப்பெயரும் போடாமல் ‘இருக்கீங்களா?’, ‘வாங்க’ என்று மட்டும் பேசுங்கள். பிறகு மூன்றாவது ஆளிடம் பேசும்போது, அவர் காதில் விழும்படி புதுப் பேரைச் சொல்லுங்கள்: ‘அக்காதான் சாவி வச்சிருக்காங்க.’ அதற்குப் பிறகு நேரில் அதையே தொடரலாம். அம்மா என்பதிலிருந்து அக்காவுக்கு இறங்குவது சுலபம். அக்கா என்று ஆரம்பித்துவிட்டு அம்மாவுக்கு ஏற நினைத்தால், அவருக்குப் பேரன் பிறக்கும்வரை காத்திருங்கள்.